நாலு தொப்பி ஜாஹித்

தையல் மெஷினில் ஊசி உடைந்தால் திருப்பூரில் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் காந்தம் வைத்துத் தேடி, ஒன்றுவிடாமல் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் அடுத்த ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேஜையில் கிடக்கிற துணி மொத்தமும் ஒதுக்கப்படும். எங்கோ ஒரு நாட்டுக் குழந்தையின் பனியனில் ஊசி முனை போய்விடக் கூடாது பாருங்கள். நல்ல பழக்கம்தான். அதே மாதிரி ஒரே தடவையில் சாயம் ஏற்றிய ஒரு லாட்டுத் துணியோடு இன்னொரு லாட்டுத் துணி கலக்கக் கூடாது. கலந்தால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று பனியன் பல்லைக் காட்டும். அதுவும் நல்ல பழக்கமே. ஆனால் நல்ல பழக்கம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதைக் கண்ட இடத்திலெல்லாம் பூசிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டவன் ஜாஹித்.

பல்லடம் ரோட்டில் இருந்த சேவற்கொடி எக்ஸ்போர்ட்ஸில் எண்ணூறு பேர் வேலை பார்த்தார்கள். அதில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் ஜாஹித் ஒருவன்தான். பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் அவன் எழுதிய புரோகிராமில்தான் அச்சாகும். சாயப் பட்டறைக்குப் போன லாட் எது, திரும்பி வந்த லாட் எது என்று காட்டுவதும் அவனுடையது. ஆள் வருகை அவனுடையது. கேன்டீன் சுவரில் மாட்டிய டிவியில் இன்றைக்கு என்ன டிபன் என்று ஓடுவதும் அவனுடையதுதான். ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றுக்குக் கூப்பிடுவார்கள். விட்டுவிட்டு ஓடுவான். எந்த இடத்தில் விட்டோம் என்று திரும்பி வந்து யோசிப்பதற்குள் மூன்றாவது ஆள் வந்து நிற்பார். இப்படி ஆறு வருஷம் ஓட்டினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டென்மார்க்குக்குப் போகிற கைக்குழந்தை பனியன் ஸ்டிக்கரில் அளவு வரும் இடத்தை மாற்றிக்கொண்டிருந்தான். பாதியில் எச்.ஆர். ஜெயசுதாவிடமிருந்து போன் வந்தது.

"ஜாஹித், கேன்டீன் டிவில இன்னும் தக்காளி சாதம்னே ஓடுதுங்க. இன்னிக்குப் பொங்கல், வடை, சாம்பார். மொதலாளி சாப்பிட வாரதுக்குள்ள மாத்திப் போடுங்க."

மாற்ற உட்கார்ந்தான். அதுவும் பாதியில் இருக்கும்போது பேக்கிங் ஆள் ஓடி வந்து, லாரி நிற்கிறது, ஸ்டிக்கர் வேண்டும் என்றார். இரண்டு வேலையும் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவசரத்தில் அப்படியே ஓட்டிவிட்டான். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் கப்பலேறிப் போயின.

ஐந்து வாரம் கழித்து டென்மார்க்கிலிருந்து மெயில் வந்தது. மரியாதையான மனுஷர்கள், கோபமே படவில்லை. 'பொங்கல் என்பது எத்தனை மாதக் குழந்தைக்கான அளவு? வடை அதைவிடப் பெரியதா, சிறியதா? சாம்பார் அளவில் கூடுதலாக இருநூறு பனியன் கிடைக்குமா?' என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

முதலாளி மருதாசலம் அறையில் கூட்டம் போட்டார்கள். மருதாசலம் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பார், அதிகம் பேச மாட்டார். சஷ்டிக்குச் சஷ்டி விரதம், ஆடிட்டுக்கு ஆடிட் விரதம். பேசுவதெல்லாம் காம்ப்ளையன்ஸ் மேனேஜர் மாதவன்தான். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர்கள் வந்தால் அவர்களுக்கு ஃபைல் காட்டுவது மாதவனின் உத்தியோகம். அவர் அறைச் சுவரில் பதினோரு சான்றிதழ்கள் ஃபிரேம் போட்டுத் தொங்கின. பன்னிரண்டாவதற்கு ஆணி அடித்துக் காலியாக வைத்திருந்தார்.

"தப்பு என்னுதுதானுங்க அய்யா," என்றான் ஜாஹித். "ஒவ்வொரு சோலிக்கும் கம்ப்யூட்டர்ல தனித்தனி ஃபோல்டர் வெச்சுக்கிட்டா இது மறுக்கா வராதுங்க. எதைப் பாதில விட்டாலும் அது அதோட எடத்துல அப்பிடியே இருக்கும். அஞ்சு நிமிஷ வேலைங்க."

"செலவு?" என்று கேட்டார் மாதவன்.

"ஒன்னுமில்லீங்க சார்."

மாதவன் முதலாளி பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"அய்யா, செலவில்லாத தீர்வெல்லாம் நான் இருபத்திரண்டு வருஷமா பாத்துட்டிருக்கறனுங்க. செலவில்லீன்னா பில் இருக்காது. பில் இல்லீன்னா ஃபைல் இருக்காது. ஃபைல் இல்லீன்னா ஆடிட்டர் வந்து எதைங்க பாப்பாரு? பிரச்சினை தீந்துபோச்சுன்னு நாம வாயில சொன்னா நம்பீருவாருங்களா? தீக்கறது பெருசில்லீங்க அய்யா. தீத்துட்டிருக்கறோம்னு தெரியோணும். இந்தத் தம்பி அஞ்சு நிமிஷத்துல தீத்துட்டா ஆறாவது நிமிஷம் நாம எதைங்க காட்டறது?"

முதலாளி யோசித்துவிட்டு, "பின்னென்ன பண்ணலாம்?" என்றார்.

"லாட் கலக்காம இருக்க என்ன பண்றமோ அதையேதாங்க. லாட்டுக்கு ஒரு மேஜை."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல் ஆயிற்று. ஒரே வாரத்தில் நாலு இடங்களில் நாலு மேஜை வந்தது. ஸ்டிக்கருக்கு பேக்கிங் குடோனில் மஞ்சள் மேஜை, சாய லாட்டுக்கு நிறம் சோதிக்கும் லேப் ரூமில் பச்சை மேஜை, ஆள் வருகைக்கு மாடியில் எச்.ஆர். பக்கத்தில் நீல மேஜை, கேன்டீன் டிவிக்கு அடுப்படிக்குப் பின்னால் சிவப்பு மேஜை. மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர். மேஜைக்கு ஒரு பொறுப்பாளர். நாலு பேரும் எப்படியோ மாதவனுக்குப் பங்காளி முறை. ஒவ்வொருவரிடமும் ஒரு ரிஜிஸ்டர். ஜாஹித்துக்கு மேஜைக்கு ஒன்றாக நாலு நிறத்தில் துணித் தொப்பி, நாலு அடையாள அட்டை: ஜாஹித் ஒன்று, ஜாஹித் இரண்டு, ஜாஹித் மூன்று, ஜாஹித் நான்கு. நாலிலும் ஒரே ஃபோட்டோதான். ஜெயசுதா ஒன்றில் மட்டும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார், ஜாஹித்துக்கு வரவில்லை.

ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும்முன் லைன் கிளியரன்ஸ் உண்டு. தையல் லைனில் ஒரு ஸ்டைல் முடிந்து அடுத்தது ஏறும்முன் பழைய நூல், பழைய பட்டன், பழைய லேபிள் எல்லாவற்றையும் கூட்டிச் சுத்தம் செய்வார்களே, அதேதான். இங்கே கூட்ட வேண்டியது ஜாஹித்தை. அதற்கு ஊசி ரூம் சுப்பண்ணனைப் போட்டார்கள். முப்பது வருஷம் ஊசித் துண்டுகளை ஒட்டிய மனுஷர். முதல் நாள் மஞ்சள் தொப்பியோடு வந்த ஜாஹித்தைக் காந்தக் கருவியால் தலைமுதல் கால்வரை தடவினார். பேனாவை வாங்கி வைத்தார். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தார், ஏனென்றால் அது மஞ்சள் தண்ணீர். பிறகு ஃபாரத்தைப் பார்த்து வாசித்தார்.

"மனசுல ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா தம்பி?"

"என்னதுங்க?"

"இப்பிடித்தாங்க போட்டிருக்குது. மஞ்சள் மேஜை யோசனை ஏதாச்சும் மண்டையில ஒட்டீட்டு இருக்குதான்னு கேக்கோணுமாம்."

ஜாஹித்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒன்னு இருக்குதுங்கண்ணா. பார்கோடு ஏன் ஒரு பக்கமா சாயுதுன்னு இப்பத்தான் புடிபட்டுது," என்றான்.

சுப்பண்ணன் சங்கடத்தோடு ரிஜிஸ்டரில் எழுதினார்: மஞ்சள் யோசனை, ஒன்று. அது போகும்வரை ஜாஹித்தை ஸ்டூலில் உட்கார வைத்தார். இருபது நிமிஷத்தில் யோசனை போய்விட்டது, போனது போனதுதான், திரும்ப வரவேயில்லை. 'அகற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பச்சைத் தொப்பியைக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஜாஹித் பொய் சொல்லக் கற்றுக்கொண்டான்.

ஆனாலும் மூளை மேஜை பார்த்தா யோசிக்கிறது? நீல மேஜையில் இருக்கும்போது பச்சை மேஜைப் பிழைக்கு வழி தோன்றும். எழுதி வைக்கக் கூடாது. ஒருதரம் மறந்துவிடுமே என்று உள்ளங்கையில் நாலு வரி கிறுக்கிக்கொண்டான். மாதவன் பார்த்துவிட்டார். அந்தக் கை எந்த மேஜையின் சொத்து என்று ஒரு மணிநேரம் விசாரணை நடந்தது. கடைசியில் கையைப் பொதுச் சொத்து என்று தீர்மானித்து, சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, கழுவிய தண்ணீரையும் ரிஜிஸ்டரில் ஏற்றினார்கள்.

பிழை வந்தால் இன்னும் விசேஷம். கம்ப்யூட்டரில் எர்ரர் வந்தால் அது உடைந்த ஊசிக்குச் சமம் என்று மாதவன் சுற்றறிக்கை விட்டார். எர்ரரை அச்செடுக்க வேண்டும், வரி வரியாக வெட்ட வேண்டும், ஒன்றுவிடாமல் ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடிக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. ஒரு நாள் பச்சை மேஜையில் அறுபத்து மூன்று பக்கத்துக்கு எர்ரர் வந்தது. சுப்பண்ணனும் ஜாஹித்தும் கத்தரியும் டேப்புமாக இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் அரை வரி குறைந்தது. ஃபேன் காற்றில் எங்கோ பறந்துவிட்டது. மாதவன் பச்சை மேஜையை ஒதுக்கி வைத்துச் சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டச் சொன்னார். மஞ்சள் கயிறு பச்சை மேஜைக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, அதற்கு ஒரு கூட்டம் நடந்தது. சுப்பண்ணன் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் காகிதத்தைத் தேடினார்.

"காயிதம் காந்தத்துல ஒட்டாதுங்களேண்ணா," என்றான் ஜாஹித்.

"அது எனக்கும் தெரியுமுங்க தம்பி. தேடுனதா எழுதோணுமில்லீங்க."

மாசக் கடைசியில் மாதவன் அறிக்கை கொடுத்தார்: கலப்பு பூஜ்யம். உண்மைதான். வேலை நடந்தால்தானே கலக்கும். ஒரு நாளில் நாலு தரம் தொப்பி மாற்றினால் மூன்று மணிநேரம் சுப்பண்ணனின் ஸ்டூலில் போய்விடும். பேக்கிங்காரர்கள் பெட்டியில் மார்க்கர் பேனாவால் கையாலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஜாஹித் பொறுத்துக்கொண்டான். அவன் மனசு வேறு இடத்தில் இருந்தது. மனைவி சாயிமாவுக்கு நிறைமாசம். உடுமலைப் பக்கம் கொமரலிங்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அவள் உண்டாகியிருந்தாள். ஆறாம் மாசம் ஒரு நாள் திடீரென்று வலி வந்தது. அன்றைக்கு ஷிப்மென்ட். ஜாஹித் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டிருந்தான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாயிமா அன்றைக்கு அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவன் இன்றும் நினைக்கிறான். இந்தத் தடவை வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வலி வாரப்ப நீங்க பக்கத்துல இருக்கோணும்." இருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது லீவு கேட்டு ஜெயசுதாவிடம் போனான். ஜெயசுதா நல்ல பெண்தான். நாலு ஃபைலையும் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் புரட்டினார்.

"ஜாஹித், ஒரு சிக்கல் இருக்குதுங்க. லீவு நாலு மேஜையிலயும் தனித்தனியா போடோணும்."

"போட்டர்றனுங்க."

"அதில்லீங்க. உங்க குடும்ப விவரம் பழைய ஃபைல்ல ஒன்னாத்தான் இருந்துது. பிரிக்கறப்ப அது நீல ஃபைலுக்குப் போயிருச்சு. உங்க சம்சாரம் நீலத் தொப்பிலதான் இருக்கறாங்க. மத்த மூணு தொப்பிக்கும் இன்னும் கலியாணமே ஆகலீங்க. கலியாணம் ஆகாதவருக்குப் பிரசவ லீவு எப்பிடிங்க குடுக்கறது?"

ஜாஹித் அவரை உற்றுப் பார்த்தான். கேலி செய்கிறாரோ என்று பார்த்தான். இல்லை.

"அப்ப நீல மேஜைக்கு மட்டுமாவது குடுங்க."

"தாராளமா. நீல ஜாஹித்துக்குப் பதினஞ்சு நாள் குடுத்தர்றேன். ஆனா அந்தப் பதினஞ்சு நாளும் மஞ்சள், பச்சை, சிவப்பு ஜாஹித் வரோணுமுங்க."

மாதவனிடம் போனான். மாதவன் அன்பாக உட்கார வைத்தார். டீ வரவழைத்தார், தொப்பிக்குப் பொருத்தமாகப் பச்சை டம்ளரில்.

"எனக்கும் ரெண்டு கொழந்தைங்க இருக்குது தம்பி. ரெண்டு பொறந்தப்பவும் நான் ஆடிட்லதான் இருந்தேன். மூத்தது பொண்ணா பையனான்னு மூணாம் நாள்தான் எனக்குத் தெரியும். அதனால என்ன கொறஞ்சு போச்சுங்க? இன்னிக்கும் எங்கிட்ட ரெண்டும் மரியாதையாத்தான் பேசுது. சார்னுதான் கூப்பிடும்."

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு சாயிமாவுக்கு வலி கண்டது. அவள் அம்மா சபுரா பீவி ஜாஹித்துக்குப் போன் செய்தார். போன் நீல மேஜை டிராயரில் இருந்தது. போன் நீல ஜாஹித்தின் உடைமை என்று பதிவாகியிருந்தது. ஜாஹித் அப்போது சிவப்புத் தொப்பியில், அடுப்படிக்குப் பின்னால், சுண்டல் என்று டைப் அடித்துக்கொண்டிருந்தான். நீல மேஜைப் பொறுப்பாளர் யுவன், எம்.பி.ஏ. படித்தவர், போனை எடுத்து விவரம் கேட்டு ரிஜிஸ்டரில் அழகாக எழுதினார்: 'வெளி அழைப்பு. மனைவிக்கு வலி. நீலத்துக்கு உரியது. ஜாஹித் மூன்று நீலத்துக்குத் திரும்பியதும் தெரிவிக்கப்படும்.' இப்படி ஐந்து அழைப்பு, ஐந்து வரி.

மூன்று மணிக்கு ஜாஹித் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். யுவன் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

படித்ததும் ஜாஹித் போனைப் பிடுங்கிக் கூப்பிட்டான். சபுரா பீவி, "உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம் மாப்பிள்ளை. அவ உங்களையேதான் கேக்கறா," என்று மட்டும் சொன்னார்.

ஜாஹித் படியிறங்கி ஓடினான். கேட்டில் சுப்பண்ணன் நின்றார். மூன்று நாளாக அவருக்கு கேட் டியூட்டியும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணா, என் சம்சாரத்துக்கு வலி. உடுங்கண்ணா."

சுப்பண்ணன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நீலத் தொப்பி வெளிய போகோணும்னா நாலு மேஜைக் கையெழுத்து வேணுமுங்க தம்பி. வாங்கறதுக்கு நாளைக்கு ஆயிரும்."

ஜாஹித்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எண்ணூறு பேர் வேலை செய்கிற இடத்தில் நடு மத்தியானம் நின்று அழுதான், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. சுப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எங்கிட்ட மஞ்சத் தொப்பிக்கு ரிஜிஸ்டர் இருக்குது. பச்சை, நீலம், சிவப்பு எல்லாத்துக்கும் இருக்குது. தொப்பியே போடாத ஆளுக்கு எங்கிட்ட ரிஜிஸ்டர் இல்லீங்க. தொப்பி போடாத ஆளு விசிட்டர். விசிட்டர் வெளிய போறத நான் தடுக்க முடியாதுங்க."

ஜாஹித் தொப்பியைக் கழற்றி அவர் கையில் வைத்தான். விசிட்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டான். 'யாரைப் பார்க்க வந்தீர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'ஜாஹித்' என்று எழுதினான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி. பிரசவ அறைக் கதவருகே நின்ற நர்ஸ், "நீங்க யாரு?" என்றாள். "அவ ஊட்டுக்காரன்," என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எந்த மேஜையிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. சாயிமா அவனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கையைப் பிடித்தாள், விடவேயில்லை. ஏழே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜாஹித்துக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள், திட்டுவார்கள் என்று காத்திருந்தான். கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று. வேலை போய்விட்டது போல என்று முடிவு செய்துகொண்டான். குழந்தைக்கு இக்ரா என்று பேர் வைத்து, ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான். பன்னிரண்டாம் நாள், தன் சாமான்களை எடுத்து வரலாம் என்று திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

கேட்டில் புது ஆள். தொப்பி இல்லாமல் வந்த ஜாஹித்துக்கு விசிட்டர் அட்டை கொடுத்து உள்ளே விட்டார்.

உள்ளே ஷாமியானா. நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. மேடையில் மருதாசலம், பக்கத்தில் வெள்ளைக்கார ஆடிட்டர் இருவர், மைக்கில் மாதவன்.

"கடைசிப் பன்னெண்டு நாள் ரிஜிஸ்டர நீங்களே பாருங்க," என்று முழங்கிக்கொண்டிருந்தார் மாதவன். "ஒரு கலப்பில்ல. ஒரு எர்ரர் இல்ல. ஒரு துண்டு ஒட்டலீங்க. நாலு மேஜையிலயும் ஜாஹித்துன்னு ஒரே ஆள். சுப்பண்ணனுக்கு ஒரு கிளியரன்ஸ் வேலை கூட வெக்கல. இப்பிடி ஒரு ஊழியர நான் என் சர்வீஸ்ல பாத்ததே இல்லீங்க."

அது சத்தியமான வார்த்தை. பன்னிரண்டு நாளில் ஜாஹித்தை யாருமே பார்த்ததில்லை. நடந்தது இவ்வளவுதான்: மஞ்சள் மேஜைப் பொறுப்பாளர், ஆள் பச்சையில் இருக்கிறான் என்று தினமும் எழுதினார். பச்சைக்காரர் நீலத்தில் என்று எழுதினார். நீல யுவன் சிவப்பில் என்று எழுதினார். சிவப்புக்காரர் மஞ்சளில் என்று எழுதினார். கேன்டீன் டிவியில் பன்னிரண்டு நாளாகச் சுண்டல் ஓடியது. யாரும் கேட்கவில்லை.

"சேவற்கொடியின் சிறந்த ஊழியர், திரு. ஜாஹித், நாலு பேரும் மேடைக்கு வரவும்," என்றார் மாதவன்.

ஜாஹித் மேடையேறினான். விருது வாங்கப் போகவில்லை. மைக் பக்கத்தில் நின்று, "அய்யா, நான் பன்னெண்டு நாளா இங்க இல்லீங்க. என்ற கொழந்தை பொறந்திருக்குது. கொமரலிங்கத்துல இருந்தனுங்க," என்றான்.

ஆடிட்டர்கள் என்னவென்று கேட்டார்கள். மாதவன் பதறவில்லை. ஜாஹித்தின் சட்டையில் தொங்கிய விசிட்டர் அட்டையை நிதானமாகப் படித்தார்.

"எந்த ஜாஹித் இல்ல?" என்றார்.

"நாந்தானுங்க."

"மஞ்சள் இருந்தாரு. பச்சை இருந்தாரு. நீலம், செவப்பு ரெண்டு பேரும் இருந்தாங்க. நாலு ரிஜிஸ்டர்லயும் பொறுப்பாளர் கையெழுத்து இருக்குது. பன்னெண்டு நாளா இல்லாதவரு யாருன்னா, நீங்க. நீங்க எங்க ஊழியரே இல்லீங்களே. விசிட்டர் வராததுக்கு நாங்க என்னங்க பண்றது?"

மருதாசலம் தொண்டையைக் கனைத்தார். மாதவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அந்தத் தம்பி பாவம், ஏதாச்சும் பாத்துப் பண்ணு," என்றார்.

மாதவன் இரண்டு நிமிஷம் யோசித்தார். "அஞ்சாவதா ஒரு தொப்பி போட்டரலாமுங்க அய்யா. தகப்பன் தொப்பி. ஊதாக் கலர். கொமரலிங்கத்துக்கு ஒரு மேஜை அனுப்பலாம், எங்க பங்காளி ஒருத்தர் சும்மாத்தான் இருக்கறாரு. கொழந்தையத் தூக்கும்போது தம்பி ஊதாத் தொப்பி போடோணும். கீழ போட்டதும் கழட்டோணும். கொழந்தை நெனப்போட வேற மேஜைக்கு வரக் கூடாது. ஆடிட்டருக்குக் கூட இது புதுசா இருக்குமுங்க."

ஆடிட்டர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். இருவரும் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஜாஹித்துக்கு அந்த இடத்திலேயே தெளிந்துவிட்டது. "எனக்கு வேலை வேண்டாமுங்க," என்றான். ராஜினாமா எழுதிக் கொடுத்தான். ஜெயசுதா வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்பவும் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். விசிட்டரின் ராஜினாமாவை வாங்க விதியில் இடமில்லை. நாலு ஜாஹித்தும் வந்து தனித்தனியாகக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார். ஜாஹித் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். யாரும் தடுக்கவில்லை.

பொங்கலூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. அடுத்த மாசம் சேரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை கொமரலிங்கத்திலேயே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை சாயிமாவின் போன் அடித்தது. இக்ரா அப்போதுதான் பால் குடித்துவிட்டு ஜாஹித்தின் தோளில் ஏறியிருந்தாள். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். சாயிமா போனை எடுத்தாள்.

"வணக்கமுங்க, சேவற்கொடியிலிருந்து எச்.ஆர். ஜெயசுதா பேசறனுங்க. நீல ஜாஹித்தோட குடும்ப நம்பர்னு ஃபைல்ல இதுதான் இருந்துது. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு அக்கறையில கேக்கறேன். ஒரு வாரமா ஜாஹித் நாலு பேரும் ஒரு மாதிரியா இருக்கறாங்கன்னு மேஜைல இருந்து ரிப்போர்ட் வருது. சரியா பேசறதில்ல, டீ குடிக்கறதில்ல. ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

சாயிமா கணவனைப் பார்த்தாள். இக்ரா அவன் தோளில் பால் கக்கியிருந்தாள். அவன் அதைத் துடைக்காமல், அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க," என்றாள் சாயிமா. "ஊட்டுல இருக்கறவரு நல்லாத்தான் இருக்கறாரு. அந்த நாலு பேர நீங்களே பாத்துக்கோங்க."